நான்கிலிருந்து ஆறு: ஒரு வீட்டுத் தொட்டியில் டிஸ்கஸ் மீன்களின் எண்ணிக்கை முடிவான விதம்

நிலவரம்

120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள ஒரு வீட்டு மீன்தொட்டியில், தட்டு வடிவ நன்னீர் மீன்களான டிஸ்கஸ் நான்கு வளர்ந்து வந்தன. நான்கும் 12 முதல் 13 செ.மீ. வரை அளவுள்ளவை, முழு வளர்ச்சியை நெருங்கிக்கொண்டிருந்தவை, ஒரே இடத்தில் ஒரே நாளில் வாங்கப்பட்டவை. அவற்றுடன் கார்டினல் டெட்ரா என்னும் சிறு மீன்கள் இருபதும், அடித்தரையில் மேயும் எட்டு ஸ்டெர்பா கோரிடோரஸ்களும், இரண்டு ஏஞ்சல் மீன்களும் இருந்தன. தண்ணீரின் வெப்பம் 29 டிகிரி செல்சியஸ், பிஎச் 7.2. மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தென்படவில்லை. வாரத்திற்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 100 லிட்டர் தண்ணீர் மாற்றப்பட்டது. மாற்றுவதற்குச் சற்று முன் பார்த்தபோது, அந்தக் கழிவு கடைசியில் மாறிச் சேரும் பொருளான நைட்ரேட் லிட்டருக்கு 30 முதல் 40 மி.கி. வரை காட்டியது. கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்றும் காற்றில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் இடைவிடாமல் ஓடின. அளவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லாத தொட்டிதான்.

ஆனால் நான்கு மீன்களில் ஒன்று, நீல டர்குவாய்ஸ் வகையைச் சேர்ந்தது, உடல் முழுவதும் கறுத்து, ஹீட்டருக்குப் பின்னால் இருந்த மூலையில் தலை சற்றுத் தாழ்ந்த நிலையிலேயே நின்றது. அதன் உடலில் மேலிருந்து கீழாக ஓடும் ஒன்பது பட்டைகளும் பகல் முழுவதும் அழுத்தமாகத் தெரிந்தன. தீவனம் போட்டதும் அது மூலையிலிருந்து ஒரு சாண் தூரம் முன்னே வரும். உடனே தொட்டியிலேயே பெரிய மீன் பக்கவாட்டில் திரும்பி ஒரே ஒரு முறை பாய்ந்து வரும். அதற்குள் அது மீண்டும் மூலைக்குள் போய்விடும். கடித்ததாகவோ துடுப்பு கிழிந்ததாகவோ அடையாளம் ஏதுமில்லை, ஏனெனில் கடிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

தொட்டியில் நெரிசல் அதிகமாகிவிட்டதா, ஒரு மீனைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா என்பதுதான் வளர்ப்பவர் என்னிடம் கேட்ட கேள்வி. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடிய முறையைப் பதிவு செய்கிறது. முடிவில் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. அது ஏன் கூடியது, எந்த இடத்தில் கூடுவது நின்றது என்பவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். டிஸ்கஸ் வளர்ப்பில் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தொட்டியின் லிட்டரை ஏதோ ஓர் எண்ணால் வகுத்து விடை காண்பதே வழக்கமாக இருக்கிறது.

நோயா, விரட்டலா

எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நோயைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. கறுத்த நிறம், தீவன மறுப்பு, ஒதுங்கி நிற்றல் ஆகிய மூன்றும் குடலில் வாழும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளின் தாக்குதலிலும் வரும், செவுள் புழுக்களாலும் வரும், வெறும் அச்சத்தாலும் வரும். இந்த மீனின் கழிவு வெண்மையாகவும் நூல்போலவும் இருந்ததால் வளர்ப்பவர் மருந்து வாங்கத் தயாராக இருந்தார். பல நாள் சாப்பிடாத மீனின் குடலிலிருந்து வெறும் சளிப்படலம் மட்டுமே வெளியேறும் என்பதால், வெள்ளைக் கழிவை மட்டும் வைத்து ஒட்டுண்ணி என்று முடிவு கட்ட இயலாது. செவுள்கள் இரண்டும் ஒரே சீராக அசைந்தன. ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறு பக்கத்தால் மட்டும் மூச்சு விடும் நிலை இல்லை. உடலை மரக்கட்டையில் உரசும் பழக்கமும் காணப்படவில்லை.

இந்த இடத்தில் மிக எளிமையான ஒரு சோதனை கைகொடுத்தது. துளைகள் இட்ட, ஒளி ஊடுருவாத அக்ரிலிக் தகடு ஒன்றைத் தொட்டியின் ஓரத்தில் குறுக்காக நிறுத்தி, கறுத்த மீனை அந்தப் பக்கம் தனியாக விட்டார்கள். தண்ணீர் அதே தண்ணீர், வெப்பமும் அதே வெப்பம், தீவனமும் அதே தீவனம். மாறியது அக்கம்பக்கம் மட்டுமே. சில நாட்களில் மீனின் பட்டைகள் மங்கின. முதலில் உறைந்த இரத்தப்புழுவையும் பிறகு குருணைத் தீவனத்தையும் எடுத்துக்கொண்டது. கழிவு தீவனத்தின் நிறத்திற்குத் திரும்பியது. மருந்து எதுவும் போடாமலேயே இவ்வளவும் நடந்ததால், காரணம் தண்ணீரிலும் இல்லை, குடலிலும் இல்லை, மற்ற மூன்று மீன்களிடம்தான் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. தனித்தொட்டிக்கு மாற்றி இதைச் செய்திருந்தால் தண்ணீரும் சேர்ந்து மாறியிருக்கும். எதனால் குணமாயிற்று என்று பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மற்ற மூன்றில் இரண்டு பிஜன் பிளட் வகை. இந்த வகையில் பட்டைகளே தெரியாது. அச்சம் வந்தால் மேனியில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் கூடும், அவ்வளவுதான். ஆகவே பட்டை தெரியாத மீன்களெல்லாம் நிம்மதியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. உற்றுப் பார்த்தபோது இந்த இரண்டில் ஒன்றும் கரும்புள்ளி கூடியே இருந்தது. அதாவது துன்பப்பட்டது ஒரு மீன் அல்ல, ஒன்றரை மீன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழ் எல்லை: மீன்கள் தீர்மானிப்பது

டிஸ்கஸ் சிக்லிட் குடும்பத்து மீன். பார்வைக்குச் சாதுவாகத் தெரிந்தாலும் அந்தக் குடும்பத்தின் குணம் அதனிடமும் உண்டு. யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசை இல்லாமல் அது வாழாது. அமேசான் படுகையின் மெல்லோட்ட நீர்நிலைகளில், வறண்ட பருவத்தில் நீர்மட்டம் இறங்கும்போது, மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கு இடையே இவை கூட்டமாக ஒதுங்கும். அங்கே ஒரு மீன் விரட்டினால் விரட்டப்பட்ட மீன் கிளைகளுக்குள் நாலைந்து மீன்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். விரட்டியதும் அடுத்த கணம் வேறொன்றின் மீது கவனம் திருப்பிவிடும். தொட்டியில் நான்கு மீன்கள் மட்டும் இருக்கும்போது மறையக் கூட்டமும் இல்லை, கவனம் திரும்ப ஆளும் இல்லை. முதல் மீனின் பாய்ச்சல் முழுவதும் கடைசி மீன் ஒன்றின் மீதே விழுகிறது.

கடைசி மீனை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வரிசையில் கடைசி இடம் காலியாக நிற்பதில்லை. மூன்றாவது மீன் அந்த இடத்திற்கு இறங்கும். இந்தத் தொட்டியில் அது யாராக இருக்கும் என்பதைக் கரும்புள்ளி கூடிய பிஜன் பிளட் முன்கூட்டியே காட்டிவிட்டிருந்தது. என் கருத்தில் டிஸ்கஸ் வளர்ப்பில் மிக மோசமான எண்ணிக்கை மூன்று. அதில் இரண்டு ஒட்டிக்கொள்ளும், மூன்றாவதற்கு எந்த மூலையும் மிஞ்சாது. இரண்டு மட்டும் வைப்பது, அவை தாமாகவே சேர்ந்த ஆண் பெண் சோடியாக இருந்தால் பொருந்தும்; இல்லாவிட்டால் ஒன்று மற்றதைப் பட்டினி போட்டுவிடும். இந்த நான்கில் சோடி எதுவும் அமைந்திருக்கவில்லை. டிஸ்கஸில் வெளித்தோற்றத்தைக் கொண்டு பால் பிரித்தறிவது நம்பத்தகுந்ததும் அல்ல.

ஐந்து அல்லது ஆறு மீன்களாவது இருந்தால் விரட்டல் பலர் மீதும் பரவிவிடுகிறது என்பது இம்மீனை வளர்ப்பவர்களிடையே நெடுங்காலமாக நிலவும் கணிப்பு. விரட்டல் நிற்பதில்லை, ஒரு மீனுக்கு வந்து சேரும் பங்கு குறைகிறது. அந்தக் கணிப்பை இங்கே கீழ் எல்லையாக எடுத்துக்கொண்டோம். அதன்படி இந்தத் தொட்டிக்கு ஐந்து தேவை, ஆறு நல்லது.

தொட்டிக்குள் உண்மையில் இருக்கும் தண்ணீர்

வெளி அளவுகளைப் பெருக்கினால் 270 லிட்டர் வருகிறது. வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்ற பரவலான விதியை இதன் மீது போட்டால் ஆறு மீன்களுக்கு இடமிருந்து, ஏழாவதும் எட்டிப் பார்க்கும். இந்த 270ஐ நம்பித்தான் பலர் மீன் வாங்குகிறார்கள். கண்ணாடியின் தடிமன் 10 மி.மீ. என்பதால் உள் நீளம் 118, உள் அகலம் 43. அடிக்கண்ணாடியையும், மேல் விளிம்புக்குக் கீழே விடப்பட்ட 5 செ.மீ. இடைவெளியையும் கழித்தால் நீரின் உயரம் 44. பெருக்கினால் 223 லிட்டர். மணலும் பெரிய மரக்கட்டையும் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்தபோது ஏறத்தாழ 205 லிட்டர் மிஞ்சியது. அதே 40 லிட்டர் விதி இப்போது ஐந்து மீன் என்கிறது.

ஓர் அங்குல மீனுக்கு ஒரு கேலன் என்ற பழைய விதியைப் பற்றி இரண்டு வரி போதும். நீளம் இரண்டு மடங்கானால் மீனின் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. 3 செ.மீ. டெட்ரா ஐந்தைச் சேர்த்தால் நீளத்தில் ஒரு 15 செ.மீ. டிஸ்கஸுக்குச் சமமாகலாம், தின்பதிலும் கழிப்பதிலும் அருகில்கூட வராது.

மேல் எல்லை: தீவனமும் டிரம்மும்

40 லிட்டர் விதியும் ஓர் ஊகமே. எவ்வளவு தீவனம் உள்ளே போகிறது, எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறது என்பதை அது கேட்பதே இல்லை. மேல் எல்லையை அந்த இரண்டிலிருந்து நேரடியாகக் கணக்கிட முடியும் என்பதால் வளர்ப்பவரிடம் ஒரு சிறு டிஜிட்டல் தராசில் தீவனத்தை நிறுத்துப் போடச் சொன்னோம். டிஸ்கஸ் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உலர் தீவனமும், ஏஞ்சல் மீன்களுக்கு அரை கிராமும், டெட்ரா, கோரிடோரஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை கிராமும் போயின.

தீவனத்தில் புரதம் 45 சதவீதம். புரதத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 16 சதவீதம். ஆகவே ஒரு கிராம் தீவனத்தில் 72 மி.கி. நைட்ரஜன் இருக்கிறது. அதில் ஒரு பகுதி மீனின் உடலாகிறது, ஒரு பகுதி கழிவாக ஃபில்டரில் சிக்கி வெளியே போகிறது. எஞ்சிய 60 சதவீதம் தண்ணீரில் கரைந்து நைட்ரேட்டாக முடிகிறது என்று வைத்துக்கொண்டால் 43 மி.கி. நைட்ரஜன், அதாவது 191 மி.கி. நைட்ரேட். 205 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 0.93 மி.கி. நைட்ரேட். இந்த 60 சதவீதம் என்பது மட்டுமே கணக்கில் நாமாக வைத்துக்கொண்டது. ஆனால் அதைச் சரிபார்க்க வழி இருந்தது. நாளொன்றுக்கு ஐந்து கிராம் தீவனம், மூன்றரை நாட்களுக்கு ஒரு முறை 205 லிட்டரில் 100 லிட்டர் மாற்றம் என்ற நிலையில், நைட்ரேட் ஏறி இறங்கி ஒரு கட்டத்தில் நிலைகொள்ளும்போது அதன் உச்சம் 33 என்று கணக்கு சொன்னது. சோதனைக் குழாயில் தெரிந்த நிறம் 30க்கும் 40க்கும் நடுவில்தான் இருந்தது. வண்ண அட்டையில் 20க்கும் 40க்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்ணால் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். அதனாலேயே இந்தக் கணக்கின் மீது எனக்கு அட்டையை விட நம்பிக்கை அதிகம்.

இனி எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கலாம். ஏஞ்சல் மீன்களை வேறு தொட்டிக்கு அனுப்பிவிட்டு ஆறு டிஸ்கஸ் வைத்தால் நாளொன்றுக்கு ஆறரை கிராம் தீவனம் போகும். வாரம் இரண்டு மாற்றத்தில் உச்சம் 43 ஆகும். வாரம் மூன்று மாற்றம் செய்தால் 29க்கு இறங்கும். வளர்ப்பவர் முதலில் ஆசைப்பட்ட பத்து மீன்களை வைத்தால் இரண்டு மாற்றத்தில் 70, மூன்றில் 47. நைட்ரேட் இந்த அளவுகளில் உடனே கொன்றுவிடும் நஞ்சு அல்ல. ஆனால் நாம் அளக்காத கரிமக் கழிவுகளும் பாக்டீரியாக்களும் அதனோடு சேர்ந்தே ஏறுகின்றன. அவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதற்கு ஓர் அடையாளமாகவே நைட்ரேட்டைப் பார்க்கிறேன். 20க்கு மேல் போகவே கூடாது என்று சொல்லும் வளர்ப்பாளர்கள் பலர் உண்டு. வளர்ச்சி முடியும் தறுவாயில் இருக்கும் மீன்களுக்கு 30ஐ ஒட்டிய உச்சத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், குஞ்சுகளுக்கு ஏற்கமாட்டேன்.

ஆக, விடை தொட்டியை விட்டு நகர்ந்து, குளியலறை ஓரத்தில் நின்ற 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் வந்து நின்றது. குழாய் நீரை அதில் நிரப்பி, குளோரின் நீக்கி ஊற்றி, ஓர் இரவு முழுவதும் காற்றோட்டம் கொடுத்து, ஹீட்டரால் தொட்டியின் வெப்பத்திற்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் கொண்டுவந்த பிறகே மாற்ற முடியும். வேலைக்குப் போய் வரும் ஒருவருக்கு வாரம் மூன்று முறை இதைச் செய்வது இயலும். நான்காவது முறை அவரால் இயலாது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். எண்ணிக்கையை முடிவு செய்ததில் இந்த ஒரு பதிலுக்கு இருந்த எடை வேறு எந்த அளவுக்கும் இல்லை. அவர் ஆர்வத்தில் நான்கு முறை என்று சொல்லியிருந்தால் கணக்கு ஏழு, எட்டு என்று ஏறியிருக்கும். ஆர்வம் தணிந்த ஒரு மாதத்தில் மீன்கள் அதற்கான விலையைக் கொடுத்திருக்கும்.

மூன்று முறையில் ஒரு முறை தவறிப்போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். ஆறு மீன்களில் உச்சம் 43ஐத் தொடும், ஏழு மீன்களில் 50ஐ. வெளியூர்ப் பயணமோ காய்ச்சலோ வராத வீடு எதுவும் இல்லை என்பதால் இந்தத் தவறிய வாரத்தின் கணக்கையே மேல் எல்லைக்கு அடிப்படையாகக் கொள்வது நல்லது.

வெப்பமும் மேல் எல்லையை அழுத்துகிறது. 29 டிகிரியில் காற்றோடு முழுதும் சமநிலைக்கு வந்த தண்ணீரும் லிட்டருக்கு 7.7 மி.கி. ஆக்சிஜனையே வைத்திருக்கும், 24 டிகிரியில் அது 8.4. தொட்டி முழுவதையும் சேர்த்தால் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். மின்சாரம் நின்று, மேற்பரப்பு அசைவதும் நின்றுவிட்டால், மீன்களும் ஃபில்டரின் பாக்டீரியாக்களும் அந்த ஒன்றரை கிராமைப் பங்குபோடத் தொடங்கும். மேலும் வெப்பம் கூடக்கூட அம்மோனியாவின் நச்சு வடிவத்தின் விகிதமும் கூடுகிறது. இந்தத் தொட்டியின் பிஎச் 7.2இல் அது நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கிறது. பிஎச் 8 ஆக இருந்திருந்தால் நூற்றுக்கு ஏழு ஆகியிருக்கும். ஃபில்டர் கோளாறாகும் ஒரு நாளில் இந்த வேறுபாடு மீனின் உயிரைத் தீர்மானிக்கும். கடினமான, காரத்தன்மை மிகுந்த தண்ணீர் உள்ளவர்கள் இதே அளவுத் தொட்டியில் ஒரு மீன் குறைத்தே வைக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். இங்கே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைக்கப்பட்டது.

ஐந்தா, ஆறா

கீழ் எல்லை ஐந்து, முடிந்தால் ஆறு. மேல் எல்லை மூன்று மாற்றத்தோடு ஆறு. ஒரு மீனுக்கு 34 லிட்டர்தான் வரும் என்பதால் 40 லிட்டர் விதியை ஆறு மீறுகிறது, ஐந்து மீறாது. அப்படியானால் ஐந்தில் நிறுத்தியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. புதிதாகத் தொடங்கும் தொட்டியாக இருந்திருந்தால் நானும் ஐந்து என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே ஏற்கெனவே நான்கு மீன்கள் ஒரு வரிசையை அமைத்துக்கொண்டு குடியிருக்கின்றன. அதற்குள் தனியாக ஒரு மீனை விட்டால் அந்தப் புதிய மீனே எல்லோருக்கும் இலக்காகும். மூலையில் நிற்கும் மீனின் அடையாளம் மாறுமே தவிர மூலை காலியாகாது. இரண்டாக விட்டால் இலக்கு பிரியும். அதனால் நான்குக்கு அடுத்த எண் ஐந்து அல்ல, ஆறு.

கைவிட்ட வழிகளில் குஞ்சுகள் வாங்கும் யோசனைக்குச் சற்று இடம் தரலாம். 6 செ.மீ. குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டைக் கூட்டமாக வளர்த்து, வளர வளரக் குறைத்துக்கொண்டு வருவது நல்ல முறையே. ஆறு மீன்கள் தேறினாலே ஆணும் பெண்ணும் இரண்டும் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 97. ஆனால் குஞ்சுகளுக்கு நாளொன்றுக்கு நாலைந்து முறை தீவனமும், ஏறக்குறைய அன்றாடம் பெருமளவு தண்ணீர் மாற்றமும் வேண்டும். அது குறைந்தால் உடல் வளராமல் கண் மட்டும் பெரிதான மீனே கிடைக்கும். பிறகு எவ்வளவு கவனித்தாலும் அந்த வளர்ச்சி திரும்பி வராது. வளர்ந்த மீன்கள் இருக்கும் இந்தத் தொட்டியில் குஞ்சுகளை விடுவதோ, நூறு லிட்டர் டிரம்மை வைத்துக்கொண்டு பன்னிரண்டு குஞ்சுகளை வளர்ப்பதோ பொருந்தாது.

சேர்த்த விதம்

புதிய இரண்டு மீன்களும் இருப்பவற்றின் அளவிலேயே, ஒன்று சற்றுப் பெரியதாகவே தேர்ந்தெடுக்கப்பட்டன. வெவ்வேறு இடங்களில் வளர்ந்த டிஸ்கஸ்களை நேரே கலந்தால், ஒரு கூட்டம் பழகிக்கொண்ட கிருமி மறு கூட்டத்தை வீழ்த்திவிடும் ஆபத்து இம்மீனில் அதிகம். எனவே அவை ஆறு வாரங்கள் தனித்தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வைக்கப்பட்டன. அதன் பின்னும் உடனே கலக்கவில்லை. பழைய மீன்களில் ஒன்றைத் தனித்தொட்டிக்குக் கொண்டுபோய் சில நாட்கள் சேர்த்து வைத்து, மூன்றும் நலமாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். அந்த ஒரு மீனாகக் கொண்டுபோகப்பட்டது தொட்டியின் பெரிய மீன், விரட்டிக்கொண்டிருந்ததே அதுதான். அதன் உடல்நலத்தைப் பணயம் வைப்பதில் வளர்ப்பவருக்குத் தயக்கம் இருந்தது. இருந்தாலும் அது இல்லாத நாட்களில் கறுத்த மீன் தகடின்றித் தொட்டி முழுவதும் உலவப் பழகியது.

சேர்க்கும் நாளில் மரக்கட்டையின் இடமும் திசையும் மாற்றப்பட்டன. முன்பு சுவரோரம் கிடந்த கட்டை நடுவில் நிறுத்தப்பட்டதால் ஒரு முனையிலிருந்து மறு முனையைப் பார்க்க முடியாமல் போயிற்று. பெரிய மீனும் புதிய இரண்டும் ஒரே நேரத்தில், விளக்கு அணைந்த பிறகு விடப்பட்டன. மறுநாள் காலையில் எந்த மீனுக்கும் அது தன் பழைய இடமாகத் தெரியவில்லை. தீவனம் அன்றிலிருந்து இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போடப்படுகிறது. ஒரு மீனால் இரண்டு இடங்களைக் காவல் காக்க இயலாது என்பதால், ஆறு மீன் வைக்கும் தொட்டியில் இதை ஃபில்டருக்கு இணையான தேவையாகவே கருதலாம்.

முதல் வாரம் விரட்டல் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. பெரிய மீனும் புதியதில் பெரியதும் பக்கவாட்டில் நின்று துடுப்புகளை விரித்து, வாயோடு வாய் பற்றித் தள்ளிக்கொண்டன. வளர்ப்பவர் கவலைப்பட்டது இயல்பே. எனினும் அந்த நேரமெல்லாம் கறுத்திருந்த மீன் மறு முனையில் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது. வரிசை மேலிடத்தில் பேசி முடிவாகும்போது கீழிடத்தில் அமைதி கிடைக்கிறது. நான்கு மீன் இருந்தபோது மேலிடத்தில் போட்டியே இல்லாததுதான் தொல்லையாக இருந்தது.

பிறகு எழுந்த சிக்கல்

சில மாதங்களில் புதிய மீன்களில் ஒன்றும் பழைய பிஜன் பிளட் ஒன்றும் சோடி சேர்ந்தன. நடுவில் நின்ற மரக்கட்டையின் நேர்முகத்தை வாயால் தேய்த்துத் துலக்கி முட்டையிட்டன. தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு அவற்றின் எல்லையாயிற்று. எஞ்சிய நான்கும் மறு பக்கம் நெருங்கி நின்றன. வாரம் மூன்று முறை புதுத் தண்ணீர் வருவதே முட்டையிடத் தூண்டுதலாக அமைந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சோடியைப் பிரித்து, நீளம், அகலம், உயரம் மூன்றும் 45 செ.மீ. உள்ள தனித்தொட்டிக்கு மாற்றுவதே வழக்கமான ஆலோசனை. டிஸ்கஸ் குஞ்சுகள் தொடக்க நாட்களில் தாய் தந்தையின் மேனியில் சுரக்கும் சளியைத் தின்றே வளர்வதால், குஞ்சு எடுக்க விரும்புபவருக்கு அது தேவையும்கூட. இங்கே அதற்குக் கொடுக்க வேண்டிய விலை வேறு. சோடியை எடுத்தால் பெரிய தொட்டியில் மிஞ்சுவது நான்கு. அந்த நான்கில் பழைய பெரிய மீனும் பழைய கறுத்த மீனும் இரண்டும் உண்டு. கதை தொடங்கிய இடத்திற்கே தொட்டி திரும்பிவிடும். கூடவே இன்னொரு தொட்டிக்கும் அதே டிரம்மிலிருந்து தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும். குஞ்சு எடுக்கும் நோக்கம் வளர்ப்பவருக்கு இல்லாததால் சோடி அங்கேயே விடப்பட்டது. கட்டை நடுவிலிருந்து ஒரு முனையை நோக்கிச் சற்று நகர்த்தப்பட்டதால் சோடியின் எல்லை தொட்டியின் கால் பங்காகச் சுருங்கியது. முட்டைகளை டெட்ராக்கள் இரவில் தின்றுவிடுகின்றன. சோடி ஓரிரு நாள் காவல் காத்துவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. காவல் நாட்களில் மட்டும் தீவனம் இடும் இடங்கள் இரண்டும் சோடிக்கு எதிர்ப்பக்கமாக மாற்றப்படுகின்றன.

எண்ணிக்கை இனி எப்படி மாறலாம் என்பதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு மீன் இறந்தால் ஐந்தாகவே தொடரும். அந்த இடத்தை நிரப்பத் தனி மீன் வாங்கப்படாது. இரண்டு இறந்து நான்கானால், இரண்டு மீன்கள் சேர்த்து வாங்கப்படும். தனித்தொட்டியும் ஆறு வாரமும் அப்போதும் உண்டு. வளர்ப்பவரால் வாரம் மூன்று மாற்றத்தைத் தொடர முடியாத நிலை வந்தால், முதலில் தீவனத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். அதற்கு மேல் நீண்டால் ஒன்றிரண்டைக் குறைத்து நான்கோ ஐந்தோ வைத்துக்கொள்வதை விட, ஆறையும் ஒரே கூட்டமாக வேறொரு பெரிய தொட்டிக்குக் கொடுத்துவிட்டு, இந்தத் தொட்டியை டெட்ராக்களுக்கும் கோரிடோரஸ்களுக்கும் விட்டுவிட வேண்டும் என்று நான் சொன்னதை வளர்ப்பவர் இன்னும் முழுமனதாக ஏற்கவில்லை. ஐந்து வைத்து வாரம் இரண்டு மாற்றம் செய்தால் உச்சம் 37தானே என்று அவர் கேட்கிறார். கணக்கு அவர் பக்கம் இருக்கிறது; இந்த ஆறில் எதை வெளியேற்றுவது, அதன் பின் வரிசை எப்படி மாறும் என்பதற்கு மட்டும் எங்கள் இருவரிடமும் கணக்கு இல்லை.